குரோட்டன்ஸ் வாங்கி எட்டு நாள், பதினோரு இலை போச்சு

கேள்வி, 11 ஜூன் 2024

ஜூன் 3ஆம் தேதி நர்சரியில் ஒரு குரோட்டன்ஸ் வாங்கினேன். இரண்டடி உயரம், அகல இலை, மஞ்சள் நரம்பும் சிவப்பும் பச்சையுமாக அங்கே ஜொலித்தது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து இலை கொட்டுகிறது, இதுவரை பதினொன்று. காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். நேற்று ஒரு பிடி டிஏபி உரம் போட்டேன். வெயில் போதவில்லையோ என்று பால்கனிக்கு மாற்றினேன், வாடுகிறதே என்று மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டேன். என்னைக் கேட்டால் குரோட்டன்ஸ் வீட்டுக்குள் வளர்க்கிற செடியே இல்லை, வேலிக்குத்தான் லாயக்கு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்: இது பிழைக்குமா?

பதில், 12 ஜூன் 2024, காலை

பிழைக்கும். ஆனால் இன்றைக்கே அந்த டிஏபியை எடுக்க வேண்டும். மேல் மண்ணில் குருணை தெரிகிற இடத்தையெல்லாம் ஸ்பூனால் வழித்து எடுங்கள். அப்புறம் தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுதும் வடியவிடுங்கள். கரைந்த உப்பு அதோடு போகட்டும். தொட்டிக்குள் ஒரு பிடி என்பது வேரைச் சுட்டுவிடும் அளவு. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுக்காதீர்கள். விரலை மண்ணில் ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். அந்த ஆழம் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். ஜூன் வெயிலிலும் அதற்கு மூன்று நான்கு நாள் ஆகலாம்.

இன்னொன்று. பால்கனியோ ஹாலோ, ஒரு இடத்தை முடிவுசெய்து அங்கேயே விடுங்கள். இலை கொட்டுகிறதே என்று நகர்த்துகிறோம், நகர்த்தியதால் இன்னும் கொட்டுகிறது.

12 ஜூன் 2024, மாலை

காலையில் எழுத மறந்தது. உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தண்டில் ஓரிடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, கொஞ்சம் கீழே சுரண்டிப் பாருங்கள். எல்லா இலையும் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிற குரோட்டன்ஸ்கூடத் திரும்ப வந்திருக்கிறது, என் வீட்டிலேயே.

15 ஜூன் 2024

"புது இலை வருகிறது, ஆனால் மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கிறது, சிவப்பே இல்லை, சத்துக் குறைவா" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சந்தோஷப்படுங்கள், புது இலை வந்துவிட்டது! நிறத்தைப் பற்றிய கவலை வேண்டாம். நீங்கள் படத்தில் காட்டியது பெட்ரா என்ற ரகம். இதில் குருத்திலை பச்சையிலும் மஞ்சளிலும்தான் பிறக்கும். இலை முதிர முதிர ஆரஞ்சு ஏறி, கடைசியில் அடர்சிவப்பாகும். ஒரே செடியில் மேலே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, கீழே கருஞ்சிவப்பு என்று அடுக்கடுக்காக நிற்பது அதனால்தான். ரோஜாவில் இலை மஞ்சளானால் நாம் பயப்படுவது சரி. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

20 ஜூன் 2024

என் முதல் குரோட்டன்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த இழையில் உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து அதே நினைவு.

2016இல் தாம்பரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதம். தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் 150 ரூபாய்க்கு வாங்கினேன், ஒல்லி இலை, சுருள் சுருளாக முறுக்கிய ரகம். வந்த நான்காம் நாள் ஏழு இலை விழுந்தது. தண்ணீர் விட்டேன். அடுத்த நாள் இன்னும் நான்கு. இடம் மாற்றினேன், மறுபடி தண்ணீர். இலை தொங்கினால் தாகம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வேர் அழுகினாலும் இலை அப்படியேதான் தொங்கும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, மண் முழுக்க ஈரம் இருந்தும் செடி தாகத்தில் நிற்கிறது. நானோ மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பிடித்து இழுத்தபோது வேரோடு கையில் வந்துவிட்டது. சாக்கடை நாற்றம். வேரைத் தொட்டால் தோல் மட்டும் உறை மாதிரிக் கழன்றது.

எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. யாராவது ஒருவர் "பத்து நாள் சும்மா இரு" என்று சொல்லியிருந்தால் அந்தச் செடி இன்று என் உயரம் இருந்திருக்கும். அதனால்தான் உங்களுக்கு இத்தனை அழுத்தி எழுதுகிறேன்.

நர்சரியில் அது நிழல்வலைக்கு அடியில் இருந்திருக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான செடிகள், தரையெல்லாம் ஈரம், காற்றிலும் ஈரம். அங்கிருந்து ஃபேன் ஓடுகிற ஹாலுக்கு ஒரே மணி நேரத்தில் வந்துவிட்டது. புது இடத்து வெளிச்சத்தில் இத்தனை இலைக்குச் சாப்பாடு போட முடியாது என்று கண்டதும் கொஞ்சத்தைக் கழித்துவிடுகிறது. பயப்படும்படியான நோய் எதுவும் இல்லை.

21 ஜூன் 2024

கீழ் வீட்டுப் பாட்டி சொன்னது: "குரோட்டன்ஸ் வச்சா பாம்பு வரும்." இதை இங்கேயும் ஒருவர் கேட்டிருக்கிறார். அடர்த்தியான வேலி எதுவானாலும் அடியில் எலி, தவளை ஒதுங்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். செம்பருத்தி வேலிக்கும் அதே கதைதான். இரண்டாம் மாடித் தொட்டிக்கு அந்தப் பயம் தேவையில்லை.

2 ஜூலை 2024

இப்போது ஒரு திருத்தம். "புதிதாக வாங்கிய செடியை இரண்டு மாதம் தொட்டி மாற்றக் கூடாது" என்று ஜூன் கடைசியில் இங்கே வேறொருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். பொதுவாக அது சரி. ஆனால் நீங்கள் நேற்று எழுதியது வேறு: தண்ணீர் மேலே குளம் மாதிரி நிற்கிறது, பிறகு தொட்டியின் ஓரமாக மட்டும் இறங்கிவிடுகிறது, ஒரு வாரமாகியும் நடுமண் கல்லு மாதிரி இருக்கிறது. அப்படியானால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கிறது. லாரியில் நெடுந்தூரம் வருகிற செடிகளுக்கு வேர் ஆடாமல் இருக்கக் களிமண் பிடித்துக் கட்டுவது வழக்கம். பயணத்துக்கு அது நல்லது, வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் வாரக்கணக்கில் காயாது, ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது.

அந்த உருண்டை இருந்தால் காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். செடியை எடுத்து, ஒரு பக்கெட் தண்ணீரில் வேர்ப்பகுதி மூழ்க அரைமணி நேரம் வையுங்கள். களிமண் ஊறிக் கரையும். குச்சியால் குத்தாதீர்கள், விரலால் மெல்லப் பிசைந்து விடுங்கள். வெளிப்பக்கம் பாதி போனால் போதும், எல்லாவற்றையும் உரித்தால் நுண்வேரும் போய்விடும். நான் போடுகிற மண்: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒன்று, மண்புழு உரம் ஒன்று, ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒன்று, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டி வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகும்.

மாற்றியதும் இன்னொரு நான்கைந்து இலை விழும். அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2 ஜூலை 2024, இரவு

கையுறை! எழுத விட்டுப்போயிற்று. கிளை ஒடிந்தால் வருகிற பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் சிவப்பும் தரும். துணியில் பட்டால் பழுப்புக் கறை, எந்தச் சோப்புக்கும் அசையாது. என் வெள்ளைத் துப்பட்டா ஒன்று அப்படித்தான் போயிற்று. இலையை மென்றால் வாய் எரியும், வயிற்றைப் புரட்டும். வீட்டில் தவழ்கிற குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

9 ஜூலை 2024

பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், "குரோட்டனா, குரோட்டன்ஸா" என்று. நம் ஊரில் குரோட்டன்ஸ்தான். ஒரே ஒரு செடியும் குரோட்டன்ஸ், நிறமுள்ள எந்த இலைச்செடியும் குரோட்டன்ஸ். கோலியஸும் குரோட்டன்ஸ், அக்லோனிமாவும் குரோட்டன்ஸ். அதனாலேயே பராமரிப்புக் குறிப்பு கேட்கும்போது குழப்பம் வருகிறது, ஏனென்றால் ஒன்றுக்கு ஆகும் வெளிச்சம் இன்னொன்றைக் கருக்கிவிடும். வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், நம் குரோட்டன்ஸ் தாவரவியல் கணக்கில் குரோட்டன் கிடையாது. அதன் பேரினம் கோடியேயம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதைக் குரோட்டன் என்ற பேரினத்தில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் பிரித்து வேறு பெயருக்கு மாற்றிவிட்டார்கள், பேச்சில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான குரோட்டன் நமக்குத் தெரிந்ததுதான், நேர்வாளம்! சித்த மருத்துவத்தில் சுத்திசெய்து பேதிக்குக் கொடுக்கும் அந்த நேர்வாளம். குரோட்டன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். விதை உண்ணி மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஆமணக்கு விதையைப் பார்த்திருப்பீர்களே, மாட்டு உண்ணியேதான். ஆமணக்கின் லத்தீன் பெயரான ரிசினஸுக்கும் அதே பொருள். குப்பைமேனி, மரவள்ளி, ரப்பர், ஆமணக்கு, நேர்வாளம், நம் குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம்.

10 ஜூலை 2024

நேற்றையதன் தொடர்ச்சி. கோடியேயம் என்ற சொல் கிழக்கு இந்தோனேசியாவில் தெர்னாத்தே தீவு மக்கள் இந்தச் செடியை அழைக்கும் பெயரிலிருந்து வந்தது. மலுக்கு தீவுகளில் அம்போனில் டச்சுக் கம்பெனி வேலையில் இருந்த ரம்ஃபியுஸ் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்தார். 1670இல் அவருக்குப் பார்வை போய்விட்டது. பிறகும் சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுதவைத்து வேலையை முடித்தார். 1702இல் இறந்தார், எழுதியது அச்சுக்கு வந்தது 1741இலிருந்துதான். நிறத்துக்காகவே வளர்க்கும் ஒரு செடி, அதைப் பற்றி எழுதியவருக்குக் கண் தெரியாது. இதை முதலில் படித்த அன்று என் பால்கனிச் செடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தோனேசியாவில் இன்று இதற்குப் புரிங் என்று பெயர். அங்கே நெடுநாள் இடுகாட்டுச் செடியாகத்தான் இருந்தது, வீட்டு வாசலுக்குக் கொண்டுவர மக்கள் தயங்கினார்கள். பிலிப்பைன்ஸில் சான் பிரான்சிஸ்கோ என்கிறார்கள்.

கோலியஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் கற்பூரவல்லியும் கோலியஸ்தான். இலையைக் கிள்ளி மோந்து பார்த்தால் நம்பமாட்டீர்கள், தண்டைத் தொட்டுப் பாருங்கள், இரண்டும் சதுரம்.

3 ஆகஸ்ட் 2024

உங்கள் படம் பார்த்தேன். இலை மேலே சாம்பல் பூத்த மாதிரி மங்கல், ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகள். தண்ணீர்க் குறைவு இல்லை இது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு நகர்ந்தால் செஞ்சிலந்தி. கூர்ந்து பார்த்தால் காம்பு சேரும் இடத்தில் மெல்லிய வலை இருக்கும்.

வீட்டுக்குள் குரோட்டன்ஸுக்கு வருகிற முதல் எதிரி இதுதான். வறண்ட காற்று இதற்குக் கொண்டாட்டம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழுதாக வளர ஒரு வாரம் போதும். இது பூச்சி இனமும் இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். அதனால் கடையில் கொடுக்கும் பூச்சி மருந்து பலவும் இதற்குக் கேட்காது.

தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஹேண்ட் ஷவரால் இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாக வேகமாகக் கழுவுங்கள். மண்ணில் தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் பையால் தொட்டி வாயை மூடிக்கொள்ளுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை, நான்கு தடவை. இடையில் நிறுத்தினால் மிஞ்சிய முட்டை பொரித்துப் பழையபடி ஆகிவிடும். கழுவிய அன்று சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையில் தெளியுங்கள். எண்ணெயில் முதலில் சோப்பை அடித்துக் கலந்து, பிறகு தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

5 ஆகஸ்ட் 2024

5 மில்லி என்றேன். குருத்து இலை நிறைய இருக்கிற செடிக்கு 3 மில்லியே போதும். நேற்று என் கோல்ட் டஸ்டில் (அதுவும் ஒரு குரோட்டன்ஸ் ரகம்) ஐந்து போட்டேன், இரண்டு குருத்து ஓரம் கருகிவிட்டது. வெயில் நேரத்தில் கட்டாயம் அடிக்காதீர்கள்.

28 ஆகஸ்ட் 2024

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் காய்கிறது என்று மூன்று பேர் ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள், மூவருமே போர் தண்ணீர் விடுகிறவர்கள். வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிற தண்ணீர் என்றால் தொட்டி மண்ணிலும் அதே உப்பு சேர்ந்துகொண்டே போகும். நான் மழை வந்தால் மொட்டைமாடியில் இரண்டு டிரம்மில் பிடித்துவைக்கிறேன். மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை ஆர்ஓ தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிடுகிறேன். ஆர்ஓ மிஷினிலிருந்து கழிவாக வெளியேறுகிற தண்ணீரை மட்டும் விடாதீர்கள், உப்பு அதில்தான் அதிகம். காய்ந்த ஓரம் பச்சைக்குத் திரும்பாது. கத்தரியால் இலையின் வடிவத்திலேயே நறுக்கிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

14 செப்டம்பர் 2024

உங்கள் முதல் வாதத்துக்கு இப்போது திரும்புகிறேன், வீட்டுக்குள் வளர்க்கிற செடி இல்லை என்றீர்களே. மூன்று மாதமாக மனதில் ஓடுகிறது. நீங்கள் சொன்னதில் பாதி சரி. டிவிக்குப் பக்கத்தில் இது வளராது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், ஹால் வெளிச்சமாக இருக்கிற மாதிரித் தோன்றும், செடிக்கு அது அந்திப் பொழுது. சாகாமல் கிடக்கும், ஆனால் புது இலை ஒவ்வொன்றும் பச்சையாகவே வரும். மஞ்சள், சிவப்பு உள்ள இடத்தில் பச்சையம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதுதான் அதற்குச் சோறு. சிவப்பு நிறமியும் நல்ல வெளிச்சத்தில்தான் ஊறும். ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள், தினம் மூன்று நான்கு மணி நேரமாவது காலை வெயில், அப்படியானால் வீட்டுக்குள் தாராளமாக வளரும். கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

உங்களுடையது தெற்குப் பால்கனி என்றீர்கள். ஜூனில் அங்கே வெயில் இல்லை என்று புகார் சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே சரிந்துவிடுகிறது. ஆகஸ்ட் நடுவில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. அதனால் மே, ஜூன், ஜூலையில் தெற்குப் பால்கனியில் நேர் வெயில் விழாது. மார்கழியில் பாருங்கள், வெயில் உங்கள் ஹால் வரைக்கும் வரும். இனி மார்ச் வரை அந்தப் பால்கனிதான் இந்தச் செடிக்குச் சரியான இடம். இடம் மாற்றாதே என்ற நானே மாற்றச் சொல்கிறேன்: வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் இலை கொட்டாது.

17 அக்டோபர் 2024

இரண்டு நாளாக அடைமழை. தொட்டித் தட்டுகளை எடுத்துவிடுங்கள், எல்லோரும்!

மழைக்காலம் பதியம் போட நல்ல நேரம். கீழ் இலை எல்லாம் போய் உச்சியில் மட்டும் கொண்டை வைத்த மாதிரி நிற்கிற செடிக்கு விண்பதியம்தான் மருந்து, அதாவது தண்டு செடியில் இருக்கும்போதே அதில் வேர் விடவைப்பது. பென்சில் கனத்தில் தண்டு, உச்சியிலிருந்து ஒரு அடி கீழே. அங்கே ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பாகத் தெரிவதைக் கத்தி முதுகால் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. என் முதல் பதியம் அப்படித்தான் வீணாயிற்று. ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் என்ற காய்ந்த பாசியை ஒரு எலுமிச்சை அளவு வைத்து, கண்ணாடி மாதிரி பாலிதீனால் சுற்றி மேலும் கீழும் கட்டுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வெள்ளை வேர் பாலிதீன் வழியே தெரியும். அதற்கு முன் பிரித்துப் பார்க்காதீர்கள்.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. இங்கே அன்று பகலிலேயே காற்றில் என் பெரிய பெட்ரா தொட்டியோடு சாய்ந்தது. உச்சி ஒன்றரை அடி முறிந்துவிட்டது. ஏழு வருடம் வளர்த்தது. கட்டிவைத்திருக்கலாம், மாடிப்படிக்கு இறக்கியிருக்கலாம், தோன்றவில்லை.

முறிந்ததை மூன்று துண்டாக்கினேன், ஒவ்வொன்றும் ஐந்து ஆறு அங்குலம். பால் வழிவது நிற்க வெட்டுவாயைத் தண்ணீரில் வைத்து எடுத்தேன். உச்சி இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, ஈர மணலில் நட்டு, மேலே பாலிதீன் பை கவிழ்த்து, வெயில் படாத ஜன்னலில் வைத்திருக்கிறேன். தாய்த்தண்டை முறிந்த இடத்துக்குக் கீழே சாய்வாக வெட்டிவிட்டேன்.

19 ஜனவரி 2025

மூன்றில் ஒன்று அழுகியது, இரண்டு வேர் பிடித்துவிட்டன. தாய்த்தண்டில் வெட்டுக்குக் கீழே நான்கு மொட்டுகள்! புயலுக்கு முன் ஒற்றைத் தண்டாக நின்ற செடி இனி புதராகும். இத்தனை வருடம் நுனியைக் கிள்ளாமல் விட்டது தவறு என்று இப்போது தோன்றுகிறது.

பனிக்காலத்தில் இலை விழுகிறது என்று கேட்டவருக்கு: நம் ஊர்ப் பனி இதைக் கொல்லாது. ஆனால் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள். தண்ணீரைக் குறையுங்கள், உரம் பிப்ரவரி கடைசி வரை வேண்டாம். ஊட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவர் சொன்னது வேறு கதை. பத்து டிகிரிக்குக் கீழே போகிற இரவுகளில் வீட்டுக்குள் எடுக்காவிட்டால் இருக்காது.

8 மார்ச் 2025

உங்கள் படம்! பதினோரு இலை கொட்டிய அந்தச் செடியா இது? கணுவுக்குக் கணு இலை, கீழிருந்தே. ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இலைக் கக்கத்திலிருந்து நூல் மாதிரி தொங்குகிறதே, அதில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டு பொட்டாக, அது நோயில்லை, பூ. ஆண் பூக்கள். பெண் பூ வேறு காம்பில் வரும், இதழ் இல்லாமல் மஞ்சள் பச்சையாக, கவனிக்காவிட்டால் கண்ணுக்கே தெரியாது. எறும்பு மொய்த்தால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூவைக் கிள்ளிவிட்டால் இலை இன்னும் நன்றாக வரும் என்பார்கள். நான் கிள்ளுவதில்லை.

30 மார்ச் 2025

என் கோல்ட் டஸ்ட்டின் ஆண் பூவை எடுத்துப் பெட்ராவின் பெண் பூவில் தடவியிருந்தேன். மூன்று காய் பிடித்திருக்கிறது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒவ்வொன்றிலும் மூன்று அறை, ஆமணக்குக் காயின் சாயல் அப்படியே. காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும் என்பதால் மெல்லிய வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவைத்திருக்கிறேன். விதையிலிருந்து வருவது தாயைப் போலவும் இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது. முளைத்தால் உங்களுக்கு ஒன்று. கிழக்கு ஜன்னலில் இடம் வைத்திருங்கள்.